இஞ்சருங்கோ

20 ஜனவரி 2024, சனி
ஓர்லி விமான நிலையம்

இந்த நோட்டை நிருஜா வாங்கித் தந்தது வேறு காரியத்துக்கு. ஒப்பரேசனுக்குப் பிறகு எனக்கு என்ன வேணுமோ அதை இதில் எழுதிக் காட்டவேண்டுமாம். தண்ணி, நோகுது, ஜன்னலைத் திற. அதற்கு இன்னும் பத்தொன்பது நாள் கிடக்கிறது. அதுவரை இது என்னுடைய நோட்டு, நான் நினைத்ததை எழுதுவேன்.

விஷயத்தை ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு எழுதத் தேவையில்லை. தொண்டையில் கட்டி. பெப்ரவரி எட்டாம் திகதி குரல்வளையை முழுதாக எடுக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும்தான் போகும் என்றார் டொக்டர். அந்த 'மட்டும்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பாரிஸ் லா சப்பலில் மரக்கறிக்கடை வாசலில் நின்று இருபத்திரண்டு வருசம் கூவி விற்றவள் நான். பெயர் பவளராணி. ஆனால் அந்தத் தெருவில் 'லவுட்ஸ்பீக்கர் அக்கா' என்று கேட்டால்தான் என்னைக் காட்டுவார்கள். குரலை மட்டும் எடுத்தால் மிச்சம் இருப்பது ஒரு குளிர்க்கோட்டும் ஒரு சோடி சப்பாத்தும்தான்.

எட்டாம் திகதிக்கு முதலே ஒருநாள் குரல் தானாகப் போய்விடலாம், அளவாகக் கதையுங்கள் என்றும் சொன்னார். நிருஜா எங்கள் ஒரே மகள், எதற்கும் பட்டியல் போடுகிறவள். போனில் நான் பதிந்துவைக்க வேண்டிய வசனங்கள் என்று பதினாறு எழுதி அனுப்பினாள். 'சாப்பிட்டியா', 'கவனமாப் போ', 'பிறந்தநாள் வாழ்த்துகள் பிள்ளை'.

"நான் என்ன செத்தே போனன்? உயிரோட இருக்கிறவளின்ரை குரலைப் பெட்டிக்குள்ள போட்டு வைக்கிறியோ?" என்று கேட்டேன். அவள் அழுதாள். நான் அழவில்லை.

மச்சாள், அதாவது இவருடைய அக்கா, நேற்றும் போன் எடுத்தா. "ஒப்பரேசனை வைச்சுக்கொண்டு ஆராவது உல்லாசப் பயணம் போவினமே? கோயிலுக்குப் போ."

"கோயில்ல வாயைத் திறக்காமலும் கும்பிடலாம் மச்சாள். அதைப் பிறகும் செய்யலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இவர் என்றால் என் மனுசன். இப்போது விமானம் ஏறும் வாசலில் நின்று, பார்க்கவேண்டிய இடங்கள் என்று அச்சடித்துக் கொண்டுவந்த தாளைப் படிக்கிறார். போகும் ஊர் ஃபோர் து பிரான்ஸ். கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ஒரு தீவின் தலைநகரம். கடைக்கு எதிரே ஒரு பயண முகவர் கண்ணாடியில் அதன் படம் ஒட்டியிருந்தது. குளிரில் கை விறைக்க நான் கீரைக்கட்டு பிரித்த ஒவ்வொரு மாரியிலும் அந்த நீலக் கடல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இந்தமுறை நான் போய்ப் பார்க்கிறேன்.

தீவின் பெயரை நான் எழுதமாட்டேன். இவருடைய பெயரும் அதே எழுத்துகளில்தான் தொடங்குகிறது. புருசனின் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று கலியாணத்தன்று அம்மா சொல்லிவிட்டா. முப்பத்தாறு வருசமாக 'இங்கே பாருங்கோ' என்கிற 'இஞ்சருங்கோ'தான். லா சப்பலில் அப்படிக் கூப்பிட்டால் ஏழெட்டு ஆம்பிளைகள் ஒன்றாகத் திரும்புவார்கள். வேலையிடத்துப் பிரெஞ்சுக்காரர்கள் இவருடைய பெயரை வெட்டிப் பாதியைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பாதியைக்கூட நான் வாயில் எடுத்ததில்லை. சற்றுமுன் அதிகாரி "உங்கள் கணவர் பெயர்?" என்று கேட்டபோதும் பாஸ்போர்ட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவன் என்னை ஊமை என்று நினைத்திருப்பான். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான்.


21 ஜனவரி, ஞாயிறு
ஃபோர் து பிரான்ஸ்

வெயில்! ஜனவரியில் வியர்க்கிறது. கோட்டை ஹோட்டல் அலுமாரியில் எறிந்துவிட்டேன்.

கடற்கரைக்குப் பக்கத்தில் லா சவான் என்று பெரிய பூங்கா. இவருடைய தாளில் முதலாவது அதுதான். புல்லின் நடுவே ஒரு பீடம், மேலே ஒன்றுமில்லை. நெப்போலியனின் மனைவியின் சிலை நின்ற இடமாம். அந்த அம்மா இந்தத் தீவில் பிறந்தவவாம். அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தவ என்ற கோபத்தில் ஒருநாள் தலையை வெட்டினார்கள். கன காலம் தலையில்லாமலே நின்றிருக்கிறா. பிறகு சிலையையே விழுத்திவிட்டார்கள்.

"என்ரை டொக்டர் பரவாயில்லையப்பா. தொண்டையோட நிப்பாட்டுறார்" என்றேன்.

இவர் சிரிக்கவில்லை. தாளில் முதலாவது இடத்துக்கு நேரே ஒரு சரி போட்டார். இவர் இப்படித்தான், ஒருநாளைக்கு இருபது சொல் பேசினால் அது திருநாள். ஒரு காதும் மந்தம். ரெஸ்டோரண்ட் குசினியில் பாத்திரம் கழுவும் மெசினுக்குப் பக்கத்தில் இருபத்தேழு வருசம் நின்றதற்குக் கிடைத்த பதக்கம் அது. வீட்டில் பேச்சு முழுக்க என் பொறுப்பு. எட்டாம் திகதிக்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன சத்தம் கேட்கப்போகிறது என்று ஒருமுறை யோசித்தேன். குளிர்சாதனப் பெட்டி.


22 ஜனவரி, திங்கள்

நூல்நிலையம் பார்த்தோம். இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடும், கல்யாண வீட்டுக்குச் சோடித்தது மாதிரி. பாரிஸில் செய்து, துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்களாம். உள்ளே 'சத்தம் வேண்டாம்' என்று போட்டிருந்தது. நான் நடுவில் நின்று "வணக்கம்!" என்றேன். அந்தக் கூரை அழகாகத் திருப்பிச் சொன்னது. மேசையில் இருந்த பெண் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். இவர் என் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்.

"உமக்கென்ன விசரே?"

"ஓம்" என்றேன்.


23 ஜனவரி, செவ்வாய்

இன்று நல்ல நாள். ஆறுதலாக எழுதுகிறேன்.

நகரத்தின் பெரிய சந்தைக்குப் போனோம். இரும்புக் கூரைக்குக் கீழே கறுவாப்பட்டை, சாதிக்காய், வனிலா, மிளகாய், பழம் ஊறப்போட்ட ரம் போத்தல்கள். விற்பவர்கள் எல்லாரும் பெண்கள். தலையில் சிவப்பும் மஞ்சளும் கட்டம்போட்ட துணி.

"இஞ்சருங்கோ, உங்கடை சாரத்தை வெட்டித் தலையில கட்டியிருக்கினம்!"

அந்த லுங்கித் துணிக்கு இங்கே 'மதராஸ்' என்றே பெயர் என்று ஒரு கடைக்காரி சொன்னாள். லுசெத் அவள் பெயர், என் வயது இருக்கும்.

மேல்மாடியில் சாப்பாட்டுக் கடைகள். பட்டியலில் கோழிக்கு நேரே 'கொலம்போ', ஆட்டுக்கு நேரே 'கொலம்போ', மீனுக்கும் அதே. இவர் பட்டியலை மூடி மேசையில் வைத்தார். 1986இல் கொழும்பில், புறக்கோட்டையில் தங்கியிருந்த அறையில் வைத்து, தமிழன் என்று பொலிசார் இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாற்பத்தொரு நாள் கழித்து விட்டார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, கேட்டால் எழும்பிப் போய்விடுவார். அந்த ஊரின் பெயரை அதற்குப் பிறகு இவர் சொன்னதே இல்லை. 'அங்கை' என்பார்.

"அந்தப் பேர் என்ரை வாயிலயும் வேண்டாம், வயித்திலயும் வேண்டாம்" என்று பாணும் சலாட்டும் எடுத்தார்.

நான் வீம்புக்குக் கோழிக் கொலம்போ சொன்னேன். வந்தது. ஒரு வாய் வைத்தேன். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு. புளி காணாது, உறைப்பும் காணாது. ஆனால் எனக்குத் தெரியாத ஆளா அது?

"இது கொழும்பு இல்லையப்பா, குழம்பு! ழ வராத வாயள் சொல்லிச் சொல்லிக் கெடுத்து வைச்சிருக்குதுகள்!"

நாலு மேசைக்காரர் திரும்பினார்கள். பரிமாறிய பெண், கரும்புத் தோட்டத்துக்கு வந்த இந்தியர்கள் கொண்டுவந்த கறி என்று சொன்னாள். எது சரியென்று படித்தவர்கள் அடிபட்டுக்கொள்ளட்டும். என் நாக்கு எனக்குச் சொல்லிவிட்டது. இவர் மட்டும் கரண்டியை நீட்டவில்லை. "நல்லா இருந்தா நீர் சாப்பிடும்" என்றார்.

கீழே இறங்கினால், கப்பலில் வந்த வெள்ளைக்காரக் கூட்டம் சந்தைக்குள் ஏறுகிறது. லுசெத் பாவம், வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்துக் கடைக்காரி கூவிக் கூவி எல்லாரையும் இழுக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. போய் லுசெத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அலே அலே மாடம்! வாங்கோ, வாங்கோ! மணந்து பாருங்கோ, வாங்காட்டியும் பரவாயில்லை!"

பாதி பிரெஞ்சு, பாதி தமிழ், லா சப்பலில் விற்ற அதே பாட்டு. குரல் கரகரத்ததுதான். ஆனால் அந்த இரும்புக் கூரை முழுக்க நிறைந்தது! சனம் சிரித்துக்கொண்டு வந்தது. லுசெத்துக்கும் சூடு ஏறிவிட்டது போல, என்னைப் பார்த்து அவளும் கூவத் தொடங்கினாள். பக்கத்துக் கடைக்காரி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். ஒரு மணித்தியாலத்தில் கறுவாக் கூடை காலி.

இவர் இடையில் வந்து காதோடு சொன்னார். "காணும் பவளம். டொக்டர் சொன்னவர்."

"சேர்த்து வைச்சு என்ன செய்யிறது? எட்டாம் திகதி அவையளிட்டைக் குடுக்கவோ?"

லுசெத் என்னைக் கட்டிப்பிடித்து ஓலையில் பின்னிய ஒரு பன்னத் தொப்பி தந்தாள். அகலக் கரை, கட்டத் துணியில் நாடா. இந்த ஊரில் வருகிற பெண்கள் எல்லாரும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நானும் போட்டுக்கொண்டு ராணி மாதிரி ஹோட்டலுக்கு வந்தேன்.


24 ஜனவரி, புதன்

குரல் வரவில்லை. கடற்காற்றுத்தான். வேறொன்றும் இல்லை.


25 ஜனவரி, வியாழன்

இன்றும் வரவில்லை. நிருஜா வீடியோவில் வந்து என்னைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாள். "அம்மா, ஃபுசுஃபுசு எண்டும் கதைக்காதேங்கோ. அப்பாவைக் கூப்பிட வேணுமெண்டால் எதிலயாவது தட்டுங்கோ. ஒப்பரேசனுக்குப் பிறகும் அப்படித்தானே. இப்பவே பழகுங்கோ."

நோட்டில் பெரிதாக எழுதிக் கமராவுக்குக் காட்டினேன். 'நான் என்ன மரங்கொத்தியோ?'

தாளில் அடுத்தது பலாத்தா. நகருக்கு மேலே மலையில் ஒரு தேவாலயம், பாரிஸ் மொன்மார்த்தில் இருப்பதைப் பார்த்துக் கட்டிய குட்டி. வீட்டிலிருந்து நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய கோயிலின் குட்டியைப் பார்க்க ஒன்பது மணித்தியாலம் பறந்து வந்திருக்கிறோம். இதை வாய்விட்டுச் சொல்ல முடியாதது என்ன கொடுமை.

அதற்கு மேலே பெரிய தோட்டம். ஆளுயரப் பூக்கள், தும்பி அளவில் தேன்குருவிகள். மரத்துக்கு மரம் உயரத்தில் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். இவருக்கு உயரம் என்றால் கால் நடுங்கும். இருந்தும் ஏறினார். ஏறியதும் பேசத் தொடங்கினார். பயத்திலா, நான் பேசாததாலா, தெரியவில்லை. அந்தக் குருவியைப் பற்றி, அந்த இலையைப் பற்றி, குசினியில் ஒருநாள் கரண்டி காணாமல் போனதைப் பற்றி. ஒரு வருசத்துக்குரிய பேச்சு. கடைசிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"அங்கை" என்றார். "விடியக்காலமை ஒருத்தன் தாளோட வருவான். பேர் வாசிப்பான். வாசிச்ச ஆள் எழும்பிப் போகவேணும். போன ஆக்களில கனபேர் திரும்பி வரேல்லை. நாப்பத்தொரு நாளும் நான் என்ரை பேரைக் கேட்டுக்கொண்டு இருந்தன்."

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதுக்குப் பிறகு ஆராவது முழுப்பேரைக் கூப்பிட்டால் வயிறு கலங்கும். வெள்ளையள் பாதியா வெட்டினதும் நல்லதெண்டு விட்டிட்டன். அம்மா கூப்பிட்டால் மட்டும் ஒண்டும் செய்யாது. அவ போய்ப் பதினாலு வருசம்." கீழே பார்த்தார். உடனே மேலே பார்த்தார். "நீர் கூப்பிடாதது எனக்கு வசதி எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்தன். இப்ப ஏனோ அப்பிடித் தெரியேல்லை."

முப்பத்தாறு வருசமாக இந்த மனுசன் வாய்திறப்பார் என்று காத்திருந்தேன். திறந்த அன்று பதில் சொல்ல என்னிடம் குரல் இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரில் என்று தெரியவில்லை. கயிற்றில் அடித்தேன், பாலம் ஆடியது, இவர் கத்தினார்.

மத்தியானம் இவர் குளிக்கப் போனபோது போனை எடுத்து நிருஜாவின் பட்டியலில் முதலாவது வசனத்தைப் பதிந்து பார்த்தேன். திருப்பிப் போட்டால் வெறும் காற்றுத்தான் வந்தது. போனில் ஏதோ பிழை. நாலுமுறை செய்தும் அதே பிழை.


26 ஜனவரி, வெள்ளி

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

இன்று படகுப் பயணம். வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் கடற்கரைகள் உண்டு, நகரத்திலிருந்து இருபது நிமிடம். ஒரே துறையில் இரண்டு படகுகள் பக்கம் பக்கமாக நின்றன. ஒன்று நாங்கள் போகவேண்டிய கரைக்கு, மற்றது வேறொன்றுக்கு. நான் கரையில் ஒரு நீள மர வாங்கில் இருந்தேன். இவர் தண்ணீர் வாங்கப் போனார். இவருடைய போனும், இரத்த அழுத்தக் குளிசையும், காதில் போடும் மெசினும் என் பையில்.

திரும்பி வந்தவர் என்னைத் தாண்டிப் போனார். நேரே பிழையான படகில் ஏறினார். அதன் முன்வாங்கில் ஒருத்தி கடலைப் பார்த்தபடி இருந்தாள், லுசெத் தந்த அதே தொப்பியுடன், அதே கட்ட நாடாவுடன். நான் ஏறி இருந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். அவளுக்குப் பின்வாங்கில் போய் இருந்து, தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டார். அவளோடு பேசவும் இல்லை. இவர் எப்போது பேசினார்?

இயந்திரம் உறுமியது. கறுத்த, உயரமான ஒரு படகுக்காரன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். நான் துறை விளிம்புக்கு ஓடினேன்.

"இஞ்சருங்கோ!"

காற்று வந்தது. மறுபடி கூப்பிட்டேன். காற்று. கையைத் தட்டினேன், காலை உதைத்தேன். கூட்டத்தில் யார் கவனிப்பார்கள்?

போனால் என்ன, அடுத்த படகில் திரும்பி வருவார். அது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நின்றபோது எனக்குத் தெரிந்தது வேறு. எட்டாம் திகதிக்குப் பிறகு இப்படித்தான். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு எங்கேயோ போவார், நான் கரையில் நின்று வாயைத் திறந்து மூடுவேன். பயந்துபோனேன். இந்த நோட்டில் இதுவரை எழுதாததை எழுதுகிறேன், நான் சரியாகப் பயந்துபோனேன்.

பிறகு கோபம் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. வாய் திறந்தது, அது தானாகப் போனது.

"மார்க்கண்டு!"

உடைந்த, கரகரத்த, ஆம்பிளைக் குரல் மாதிரி ஒன்று. ஆனால் குரல்!

முதலில் திரும்பியவன் படகுக்காரன். அவனுடைய பெயர் மார்க்காம். கயிற்றைக் கையில் பிடித்தபடி என்ன வேண்டும் என்று என்னைப் பார்த்தான். அதனால்தான் படகு நின்றது.

"மார்க்கண்டு! மார்க்கண்டு!"

அந்தத் தொப்பிக்குப் பின்னால் இருந்த மனுசன் எழுந்து நின்றார். போத்தல் மடியிலிருந்து உருண்டது. காதில் மெசின் இல்லை, இயந்திரம் உறுமுகிறது, எப்படிக் கேட்டதோ. என்னைப் பார்க்கவும் இல்லை. எங்கேயோ, கடலுக்கு மேலே பார்த்தார்.

"வாறனணை!" என்றார்.

தாய்க்குச் சொல்லும் 'அணை'. பிறகுதான் என்னைக் கண்டார். தொப்பிக்காரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மார்க் என்கிற அந்தப் படகுக்காரன் கை கொடுத்து இறக்கிவிட்டான்.

நாங்கள் எந்தப் படகிலும் ஏறவில்லை. வாங்கில் இருந்தோம்.

"வயிறு கலங்கினதோ?" என்று கேட்டேன்.

யோசித்துவிட்டுச் சொன்னார். "இல்லை." என் பக்கம் திரும்பி, "இன்னொருக்கா சொல்லும்."

"உங்களுக்கென்ன விசரே? ஆயுசு குறையப்போகுது."

"எமனையே திருப்பி அனுப்பினவன்ரை பேரை வைச்சிருக்கிறன். எனக்கென்னெண்டு ஆயுசு குறையும்?"

முப்பத்தாறு வருசம்! மார்ச் மாதத்தை மூன்றாம் மாதம் என்றேன். மார்கழியைத் திருவெம்பா மாதம் என்றேன். மரக்கறி வாங்கும் மார்க்கெட்டைக்கூடச் சந்தை என்றேன். இந்தத் தீவின் பெயரைக்கூட விழுங்கினேன். அந்தப் பெயரே எமனுக்குத் தண்ணி காட்டின பெயர் என்பது அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இவ்வளவு மொக்குத்தனம் ஒரு குடும்பத்துக்குக் காணும்.

மார்த்தினிக். மார்த்தினிக். மார்த்தினிக். எழுதியாயிற்று.


27 ஜனவரி, சனி

கடைசி முழுநாள். குரல் இருக்கிறது, கீறல் விழுந்த மாதிரி. அதை இன்று ஒரே சொல்லுக்குத்தான் செலவழித்தேன். மார்க்கண்டு, சப்பாத்தைக் கழற்றுங்கோ. மார்க்கண்டு, அந்தக் கடலோரப் பழங்கோட்டைச் சுவரில் ஓணான் மாதிரி என்னவோ கிடக்கு பாருங்கோ. மார்க்கண்டு, ஒண்டுமில்லை, சும்மா கூப்பிட்டனான்.

ஒவ்வொரு முறையும் "வாறன்" என்கிறார், பக்கத்தில் நின்றால்கூட.

காலையில் இருந்தே முகத்தில் ஒரு தெம்பு. சந்தைக்குப் போய் லுசெத்திடம் விடைபெற்றோம். கூவிக்கொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் இன்னும் உரக்கக் கூவினாள். மேல்மாடிக்குப் போனதும் இவரே பட்டியலை விரித்தார். பரிமாறும் பெண்ணிடம் பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னார்.

"ஒரு கொலம்போ."

வந்ததும் கரண்டியை வைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்தார்.

"புளி காணாது."

"அதைத்தானே நான் அண்டைக்கே சொன்னனான்."

"கொழும்பில ஒரு கடையில இப்பிடித்தான் புளியில்லாமல் வைப்பாங்கள்" என்றார். அந்தச் சொல் இவர் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், உறைப்பே இல்லாத கறிக்கு.

திரும்பும்போது சொன்னார். "இனி 'இஞ்சருங்கோ' எண்டால் திரும்பமாட்டன். பேரைச் சொன்னால்தான் திரும்புவன்."

"எட்டாம் திகதிக்குப் பிறகு?"

"அதை நீர்தான் யோசிக்கவேணும். நான் சொன்னால் சொன்னதுதான்."

நிருஜா போனில் கெஞ்சினாள். அம்மா, அந்தப் பெயரையாவது பதிந்து வையுங்கோ. மாட்டேன் என்றேன். கேட்கவேண்டிய ஆள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.


7 பெப்ரவரி, புதன்
பாரிஸ், ஆஸ்பத்திரி

நாளை காலை. கொஞ்சநேரத்துக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வந்தார். முகமூடி வைத்ததும் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டுமாம்.

நான் எண்ணமாட்டேன். அந்த மூச்சுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

மச்சாள் வந்து திருநீறு பூசினா. "தம்பியின்ரை பேரைச் சொல்லித் திரியிறியாம்?" என்று கேட்டா.

"ஓம் மச்சாள். மார்க்கண்டு எண்டு நல்ல பேர். ஆர் வைச்சது?"

அவ திகைத்துப்போய், "அம்மாதான்" என்றா. பிறகு கட்டிலில் என் பக்கத்தில் இருந்து, அவர் சின்னவனாக இருந்தபோது மாமி எப்படி ஒழுங்கை முடக்கில் நின்று கூப்பிடுவா என்று கூப்பிட்டுக் காட்டினா. நல்ல குரல். என் அளவுக்கு இல்லை.


14 பெப்ரவரி, புதன்

கழுத்தில் துளை. மூச்சு அதால் போய் வருகிறது. நோகிறது. நிருஜா நினைத்த மாதிரியே இந்த நோட்டில் 'தண்ணி' என்று மூன்றுமுறை எழுதிக் காட்டியாயிற்று. அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டேன்.

மத்தியானம் இவர் ஜன்னலடியில், முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். மழை. தலையணை சரிந்துவிட்டது, எனக்கு நிமிர முடியவில்லை. வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. காற்றுக்கூட இல்லை, அது இப்போது வேறு வழியால் போகிறது. கொஞ்சநேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். துறையில் நின்ற அதே பயம் வந்தது.

மோதிர விரலைத் தூக்கிக் கட்டில் கம்பியில் தட்டினேன். டக் டக் டக் டக். சும்மா, வாய்க்கு வந்த மாதிரி. இவர் திரும்பவில்லை. காதில் மெசின் போட்டிருந்தார், கேட்டிருக்கும். தோள் அசைந்தது, ஆனால் திரும்பவில்லை.

சொன்னால் சொன்னதுதான் என்ற மனுசன்.

எனக்கு ஏறிவிட்டது. மறுபடி விரலைத் தூக்கினேன். பலமாக ஒன்று, கொஞ்சம் விட்டு, கிட்டக்கிட்ட இரண்டு.

மார்க். கண்டு.

"வாறன்" என்றார். திரும்பியபோது முகம் முழுக்க நனைந்திருந்தது. வந்து தலையணையைச் சரிசெய்தார். சரிசெய்த பிறகும் தட்டினேன். "வாறன்." தண்ணீர் எடுத்துத் தந்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி தட்டினேன். "வாறன், வாறன். பக்கத்திலதானே நிக்கிறன்."

சத்தம் கேட்டுத் தாதி வந்தாள். "மாடம், மணி இருக்கிறது, அதை அழுத்துங்கள். கம்பியில் தட்டினால் இந்த மாடி முழுக்கக் கேட்கிறது" என்றாள்.

நோட்டை எடுத்துப் பிரெஞ்சில், பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்.

'கேட்கட்டும்.'